வில்லங்கமில்லாத ஆத்துமா

ஞானஸ்நான ஆயத்த வகுப்பின் கடைசி நாளில், "அடுத்த ஞாயிறு எல்லாரும் சாட்சியோட வந்துடணும்" என்று மூப்பர் டெனிஸ் அறிவித்தார். அரிகிருஷ்ணன் இரண்டு சாட்சிகளோடு வந்துவிட்டார்.

ஒருவர் துரை, ஜெராக்ஸ் கடைக்காரர். இன்னொருவர் கிளியம்மாள், அதற்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவர். இருவர் கையிலும் ஆதார் அட்டை, அசலும் நகலுமாக. அரிகிருஷ்ணன் பத்திர எழுத்தர். தாம்பரத்தை ஒட்டிய ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்து கிரயப் பத்திரம், தானப் பத்திரம், பாகப்பிரிவினை என்று எழுதித் தருகிறவர். அவருக்குத் தெரிந்த சாட்சி என்பது பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் இரண்டு பேர். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கிறதென்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"இவங்கல்லாம் யார் பிரதர்?" என்று டெனிஸ் கேட்டார்.

"சாட்சி சார். ரெண்டு பேரும் என்னை நல்லா தெரிஞ்சவங்க. ஒருத்தராவது லோக்கலா இருக்கணும்னு துரையைக் கூட்டிட்டு வந்தேன். ராஜகீழ்ப்பாக்கம்தான் அவருக்கு."

டெனிஸ், குறைவில்லா மீட்பு சபையின் சாட்சி ஆய்வுக் குழுத் தலைவர். தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு தணிக்கை செய்ய ஒன்றும் கிடைக்காமல் வீட்டில் மனைவியின் மளிகைச் சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவரிடம் சபை ஆத்துமாக்களைக் கொடுத்தது. இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

"சாட்சின்னா ஆள் இல்ல பிரதர்" என்று அவர் பொறுமையாக விளக்கினார். "உங்க கதைதான் சாட்சி. மூணு பாகம். இருள், திருப்பம், ஒளி. முன்னாடி எப்படி நாசமாப் போயிட்டு இருந்தீங்க, எந்த இடத்துல திரும்புனீங்க, இப்ப எப்படி இருக்கீங்க. இருள் நல்லா கனமா இருந்தாதான் ஒளி எடுபடும். குழு கேட்டு ஒப்புதல் குடுத்தா தண்ணியில இறங்கலாம்."

துரையும் கிளியம்மாளும் வந்ததற்கு ஆராதனை முடியும்வரை இருந்து, மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அந்த மாத அறிக்கையில் 'புதிதாக வந்து சேர்ந்த ஆத்துமாக்கள் இரண்டு' என்று டெனிஸ் எழுதிக்கொண்டார்.

அரிகிருஷ்ணனுக்கு ஞானஸ்நானம் எதற்கு என்று கேட்கலாம். அவருடைய மனைவி அமலராணி பிறப்பிலேயே கிறிஸ்தவர், சிட்லபாக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. காதலித்து ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டவர்கள். மனைவிக்குத் துணையாக ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்குப் போக ஆரம்பித்த அரிகிருஷ்ணன், போகப் போக உண்மையாகவே அங்கே மனதைக் கொடுத்துவிட்டார். அங்கு கேட்டதை நம்பினார். வாரம் முழுவதும் நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் தன் மேசைக்கு எதிரே நின்று ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்வதைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு, மன்னிப்பு என்ற ஒரு விஷயம் இருக்கிறது என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. எல்லோரும் வரிசையாக முன்னால் போய் அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொள்வார்கள். ஞானஸ்நானம் எடுக்காதவர்கள் போகக் கூடாது. அமலராணி எழுந்து போகும்போது தன் கைப்பையை அரிகிருஷ்ணன் மடியில் வைத்துவிட்டுப் போவார். கடைசி வரிசையில் இருந்த அவர்களைப் பார்த்து, அதற்கு முன்வரிசை சிஸ்டர் ஷர்மிளாவும் தன் பையை வைத்தார். அப்புறம் அதற்கு முன்வரிசை. வருடங்கள் போகப் போக, திருவிருந்து என்றாலே பை வைக்க அரிகிருஷ்ணன் பிரதர் இருக்கிறார் என்று ஆகிவிட்டது. போன வருடம் மகள் ப்ரியாவும் ஞானஸ்நானம் எடுத்து, தன் பையையும் அப்பா மடியில் வைத்துவிட்டுப் போனாள். ப்ரியாவுக்கு வயது பதினாறு. அவளுக்கே இருளாகக் காட்டுவதற்கு ஒரு செல்போன் இருந்தது.

கைப்பைகளின் குவியலுக்கு மேலாக, மனைவியும் மகளும் அந்தச் சின்ன அப்பத் துண்டை வாயில் போட்டுக்கொள்வதை அவர் எட்டிப் பார்ப்பார். அவர் கேட்டதெல்லாம் அந்த வரிசையில் அமலராணிக்குப் பின்னால் நிற்க ஓர் இடம்.

ஆகவே சாட்சியை எழுத உட்கார்ந்தார். எழுத்து அவருடைய தொழில். ஒரே மூச்சில் எழுதி முடித்து, அடுத்த ஞாயிறு குழுவின் முன்னால் நின்று வாசித்தார்.

"செங்கல்பட்டு மாவட்டம், தாம்பரம் வட்டம், சிட்லபாக்கத்தில் வசிக்கும் காலஞ்சென்ற ரங்கநாதன் குமாரர் அரிகிருஷ்ணன் ஆகிய நான், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, முழு மனச்சம்மதத்தின் பேரில் எழுதிக் கொடுக்கும் சாட்சி என்னவென்றால், எனக்குப் பாத்தியப்பட்டதும், பிறந்த நாள் முதல் என் அனுபவ சுவாதீனத்தில் இருந்து வருவதுமான என் ஆத்துமாவை இன்று ஆண்டவர் வசம் ஒப்படைக்கிறேன். மேற்படி ஆத்துமாவின் பேரில் முன் கிரயம், அடமானம், ஜப்தி, கோர்ட் வழக்கு முதலான யாதொரு வில்லங்கமும் இல்லை என்று உறுதி கூறுகிறேன். பின்னிட்டு வில்லங்கம் ஏதும் தெரியவந்தால் என் சொந்தப் பொறுப்பில் நிவர்த்தி செய்து தருகிறேன்."

நான்கு எல்லைகளையும் எழுதத்தான் நினைத்தார். ஆத்துமாவுக்கு வடக்கு எது என்று தெரியாததால் விட்டுவிட்டார்.

டெனிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "வில்லங்கமே இல்லையா?"

"சுத்தமா இல்ல சார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் 'நில்'னுதான் வரும்" என்றார் அரிகிருஷ்ணன் பெருமையாக. அவர் உலகத்தில் ஒரு சொத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய உயர்ந்த வார்த்தை அது.

"அதான் பிரதர் பிரச்சினை. குடி?"

"இல்ல சார்."

"சூது? சீட்டு? ஆன்லைன் ரம்மி?"

"ப்ரியா போன்ல லூடோ ஆடுவேன்."

"டாக்டர்ங்க கைவிட்ட வியாதி ஏதாவது?"

"ஒரு தடவை மஞ்சக்காமாலை வந்துச்சு."

டெனிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜெபம் பண்ணீங்களா?"

"கீழாநெல்லி சாப்பிட்டேன் சார்."

"பழைய வாழ்க்கை? கோயில், குளம்?"

"அம்மா கூட மாடம்பாக்கம் கோயிலுக்குப் போவேன். நல்லா இருக்கும் சார்."

"நல்லா இருக்கும்னு சொல்லக் கூடாது பிரதர். வெறுமையா இருந்ததுன்னு சொல்லணும்."

அரிகிருஷ்ணன் யோசித்துப் பார்த்தார். "வெறுமையா எங்க சார் இருந்துச்சு. பிரதோஷத்துக்கு நிக்கவே இடம் இருக்காது."

குழு பத்து நிமிடம் தனியாகக் கூடியது. 'இருள் போதாமையால் நிறுத்தி வைக்கப்படுகிறது' என்று தீர்ப்பு வந்தது. மனம் தளர வேண்டாம், ஆண்டவர் தக்க சமயத்தில் ஏதாவது கஷ்டத்தைக் கொடுப்பார் என்று டெனிஸ் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

இது இத்தோடு போயிருந்தால் அரிகிருஷ்ணன் இன்னும் சில வருடம் பை பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார். மோகன்ராஜ் வந்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மோகன்ராஜ் பெரும்பாக்கம் குடியிருப்பில் எட்டாவது மாடியில் இருக்கும் லாரி டிரைவர். சபைக்கு வந்த புதிதில் கதவோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர். டெனிஸ் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். விசாரித்துவிட்டு வெளியே வந்தபோது டெனிஸின் கண்கள் கலங்கியிருந்தன. "வைரம் பிரதர், வைரம்" என்று பாஸ்டர் கமாலியேலிடம் சொன்னார்.

பத்து வருடம் தண்ணியிலேயே கிடந்தவராம் மோகன்ராஜ். முதல் ஞாயிறு சாட்சியில் குடி மட்டும்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு மனைவியை அடித்தது சேர்ந்தது. அதற்கடுத்த ஞாயிறு ஒரு கத்தி வந்தது. நான்காவது ஞாயிறு, போதையில் எட்டாவது மாடியிலிருந்து விழுந்து, ஐந்தாவது மாடி டிஷ் ஆன்டெனாவில் லுங்கி மாட்டித் தொங்கி உயிர் பிழைத்தார். சபை விம்மியது. ஒவ்வொரு வாரமும் டெனிஸ் முன்வரிசையில் உட்கார்ந்து உதடுகளைக் கூடவே அசைத்துக்கொண்டிருந்தார்.

கதவோரம் நின்றவர் இரண்டே மாதத்தில் தண்ணியில் இறங்கினார். வெள்ளை அங்கி அவர் அளவுக்குத் தைத்துக் கொடுக்கப்பட்டது. மேடவாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் உள்ள கிளைச் சபைகளுக்கு அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனார்கள். கேம்ப் ரோடு சந்திப்பில் பேனர் வைத்தார்கள். 'முன்னாள் குடிகாரர், முன்னாள் ரவுடி மோகன்ராஜ் பேசுகிறார்.' அரிகிருஷ்ணன் ஸ்கூட்டரை நிறுத்தி அந்தப் பேனரை வெகுநேரம் பார்த்தார். பெயருக்கு முன்னால் 'முன்னாள்' என்று போட்டுக்கொள்ளத் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது. பொய் சொல்லாமல், பிறர் சொத்துக்கு ஆசைப்படாமல், வீட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மனிதன், அதெல்லாம் வீண் என்று ஐம்பது வயதில் தெரிந்துகொண்டால் வயிறு வேறென்ன செய்யும். மோகன்ராஜ் குடித்த ஒவ்வொரு கிளாஸும் சேமிப்பாகச் சேர்ந்திருக்கிறது, தான் குடிக்காத கிளாஸெல்லாம் நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பொருமினார்.

இதில் அமலராணி வேறு, ஒரு ஞாயிறு வீட்டுக்கு வரும் வழியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மோகன்ராஜ் பிரதர் பேசுனா அழுகையே வந்துடுதுங்க" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மனைவியை ஒரு தடவைகூட அழ வைக்காதது எவ்வளவு பெரிய தவறு என்று அரிகிருஷ்ணன் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே நினைத்தார்.

மறுநாள் டாஸ்மாக் கடைக்குப் போனார். வரிசையில் நின்றிருந்த இரண்டு பேர் அவரிடம் பத்திரம் எழுதியவர்கள். "சார், நீங்க எதுக்கு நிக்கிறீங்க, யாருக்குன்னு சொல்லுங்க, வாங்கித் தரோம்" என்று உபசரித்தார்கள். தனக்கே என்று அவர் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. எப்படியோ ஒரு பீர் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தார். வெயிலில் அலைந்ததால் பித்தம் என்று முடிவுகட்டிய அமலராணி இஞ்சிச்சாறு கொடுத்தார். அந்த வாரமே அரிகிருஷ்ணன் டெனிஸிடம் போய், தான் குடித்துவிட்டதாகத் தெரிவித்தார்.

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை சார். பீர்."

"ஒரு தடவைல்லாம் செல்லாது பிரதர். பழக்கமா இருக்கணும். விடுறதுன்னா முதல்ல கெட்டியா பிடிச்சிருக்கணும்ல. மோகன்ராஜைப் பாருங்க. எவ்வளவு உழைப்பு இருக்கு அதுல."

அந்த 'மோகன்ராஜைப் பாருங்க'தான் அரிகிருஷ்ணனைக் கெடுத்தது. அடுத்த சாட்சிக் கூட்டத்தில், குழுவிடம்கூடக் கேட்காமல், நேராக மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் ஒரு பெரும் பாவி" என்று ஆரம்பித்தார். சபை நிமிர்ந்தது. டெனிஸ் முகத்தில் வெளிச்சம் பரவியது. "பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, பேராசைப்பட்டு, நான் ஒரு போலிப் பத்திரம் எழுதினேன். மாடம்பாக்கம் பக்கத்துல ஒரு லேஅவுட். இடம் ஒருத்தருது, வித்தது இன்னொருத்தர். எனக்குத் தெரிஞ்சே எழுதினேன். வாங்கினவங்களுக்கு இன்னை வரைக்கும் தெரியாது."

பின்வரிசையில் ஒருவர் பழக்க தோஷத்தில் "அல்லேலூயா" என்றார். அவரைத் தவிர யாரும் வாய் திறக்கவில்லை. சபையில் பாதிக் குடும்பங்கள் மாடம்பாக்கத்திலும் சேலையூரிலும் மனை வாங்கியவர்கள். நம்ம சபை ஆள், குறைவாக வாங்குவார் என்று அத்தனை பேரும் அரிகிருஷ்ணனிடம்தான் பத்திரம் எழுதியிருந்தார்கள்.

"எந்த லேஅவுட் பிரதர்?" என்று சிஸ்டர் ஷர்மிளா எழுந்து கேட்டார்.

"அது வந்து, திருப்பம் இனிமேதான் வருது" என்றார் அரிகிருஷ்ணன்.

"திருப்பம் இருக்கட்டும். சர்வே நம்பரைச் சொல்லுங்க."

அன்று ஒளி வரைக்கும் போகவில்லை. திருவிருந்து வரிசையில்கூட அவ்வளவு ஒழுங்காக நின்றறியாத சபை, பத்திர நகலை வாட்ஸ்அப்பில் தேடி எடுத்து அவர் முன்னால் வரிசையாக நின்றது. முதல் ஆள் டெனிஸ். அவர் வீடு மாடம்பாக்கத்தில்தான் இருந்தது.

அன்று மாலையே அவசரக் குழு கூடியது. டெனிஸ் எழுந்து பேசினார்.

"பிரதர், நாங்க பாவத்துக்கு எதிரி இல்ல. குடிச்சேன்னு சொல்லுங்க, கட்டித் தழுவுறோம். அடிச்சேன்னு சொல்லுங்க, அழுவோம். கொலையே பண்ணேன்னு வைங்க, பெரிய கிரவுண்டா எடுத்துக் கூட்டம் போடலாம். அதெல்லாம் உங்க பாவம். பத்திரம்னா அது எங்க வீடு பிரதர். ஒரு பாவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாலு பேரை நினைச்சுப் பார்க்க வேணாமா?"

"அப்படி ஒண்ணும் எழுதல சார். சும்மா சொன்னேன்" என்றார் அரிகிருஷ்ணன்.

"சும்மா சொன்னேன்னு எங்ககிட்ட மட்டும் சொன்னா போதாது. நாளைக்கு வீட்டை விக்கப் போனா, இந்தப் பேச்சு குறுக்க நிக்கும். நீங்க சுத்தம்னு சபையே சொல்லணும்."

அப்படித்தான் அந்தத் தீர்மானம் பிறந்தது. 'நமது அருமைச் சகோதரர் அரிகிருஷ்ணன் பிறந்த நாள் முதல் இன்று வரை யாதொரு பாவமும் செய்யாதவர், இனிச் செய்யும் உத்தேசமும் இல்லாதவர் என்று இச்சபை ஏகமனதாகப் பதிவு செய்கிறது.' கல்யாணத்துக்கு முன்னால் ஆட்சேபணை கேட்டுச் சபையில் ஓலை வாசிப்பதுபோல மூன்று ஞாயிறு மேடையில் வாசித்தார்கள். ஒவ்வொரு வாசிப்புக்கும் மாடம்பாக்கம்காரர்கள் பலத்த குரலில் ஆமென் சொன்னார்கள்.

மூன்றாவது ஞாயிறு முடிந்ததும் அரிகிருஷ்ணன் பாஸ்டர் கமாலியேலைப் பார்த்தார். அடுத்த ஞானஸ்நான ஆராதனைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. "பாஸ்டர், இப்ப என்னைச் சேர்த்துக்கலாமில்ல?"

பாஸ்டர் வெகுநேரம் தாடையைத் தடவினார். நல்ல மனிதர். யாரிடமும் இல்லையென்று சொல்ல வராதவர். அதனால்தான் இல்லையென்று சொல்ல டெனிஸை வைத்திருந்தார்.

"ஞானஸ்நானம் பாவிக்குத்தானே பிரதர். பாவமே இல்லைன்னு சபையே தீர்மானம் போட்ட ஆளை நான் எந்த முகத்தோட தண்ணியில முக்கறது? அப்படிப்பட்டவர் உலகத்துலயே ஆண்டவர் ஒருத்தர்தான், அவரை ஆத்துல முக்கினவரும் ஒருத்தர்தான். உங்களை முக்கினா நான் என்னை யாருன்னு நினைச்சுக்கிறேன்னு மத்த பாஸ்டருங்க கேட்க மாட்டாங்களா?"

முதலில் இருள் போதவில்லை. இப்போது இருளே இல்லை. அரிகிருஷ்ணன் வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பாமல் அதன் மேல் உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் அது சாட்சியில் சேராது.

சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் ஆராதனைக்காக ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். வாசலில் தண்ணீர் லாரி நின்றது. குழாயைப் பிடித்துக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் மோகன்ராஜ். நாற்காலி போட்டுவிட்டுப் போக வந்த அரிகிருஷ்ணனைப் பார்த்து, "வாண்ணா, குந்து" என்றார்.

பார்க்கப் பிடிக்காத முகம். இருந்தாலும் உட்கார்ந்தார்.

"அண்ணா, அந்தப் பத்திரம் மேட்டரு. அட்ச்சிதான வுட்ட?"

அரிகிருஷ்ணன் தலையை ஆட்டினார்.

"மூஞ்சப் பாத்தாலே தெர்ஞ்சிச்சி. பொய் சொல்றவன் மூஞ்சி எனக்குத் தெரியும், டெய்லி சேவிங் பண்றப்ப பாக்கறேன்ல" என்றார் மோகன்ராஜ். குழாயைக் கொஞ்சம் தாழ்த்தினார். "நான் பீடிகூட குட்ச்சதில்லணா."

அரிகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார்.

"மெய்யாதான். தொட்டிக்குத் தண்ணி அடிக்கத்தான் இங்க வந்தேன். பாட்டு நல்லா கீதேன்னு நின்னேன். டெனிஸ் சாரு கூப்ட்டு, முன்னாடி இன்னா பண்ணிகினு இருந்தேன்னாரு. தண்ணிதான் சார், பத்து வருசமா தண்ணிதான்னேன். காலீல எய்ந்தா தண்ணி, ராவு வூட்டுக்குப் போற வரிக்கும் தண்ணி, ஒரு நல்லது கெட்டதுக்குப் போவ முடீலன்னேன். அவுரு கண்ணுல பொலபொலன்னு கொட்டுது. லாரிக்காரன் கஷ்டம் புரிஞ்ச மன்சன்னு நான் நெனச்சிக்கினேன்."

அரிகிருஷ்ணன் வாசலில் நின்ற லாரியைப் பார்த்தார். அதன் முதுகில் கொட்டை எழுத்தில் 'தண்ணீர்' என்று எழுதியிருந்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே மோகன்ராஜ்."

"சொல்லலாம்னுதான் போனேன். அதுக்குள்ள பேனரு அட்ச்சிட்டாங்க." மோகன்ராஜ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "குடின்னா சம்சாரத்த அட்ச்சிருப்பியேன்னு கேட்டாங்க. இல்லன்னா சாட்சி நிக்காதுன்னாங்க. மைக்குல சொல்ட்டேன். யூடியூப்ல போட்டாங்க. எங்க பிளாக்குல எல்லாம் பாத்துட்டு, இன்னாமே உன்ன இப்டியா போட்டு அட்ச்சான்னு மஹாலட்சுமியாண்ட கேக்கறாளுங்களாம். வாங்காத அடிக்கு நான் ஏன்யா மூஞ்ச மறச்சிகினு நடக்கணும்னு கேட்டுட்டு செம்மஞ்சேரிக்கு அவங்க அம்மா வூட்டுக்குப் போய்ட்டா. மூணு மாசமாச்சி. பேஜாரா கீதுணா."

அரிகிருஷ்ணன் குழாயின் ஒரு பக்கத்தைத் தானும் பிடித்துக்கொண்டார்.

"உன்னப் பாத்தா எனக்குப் பொறாமையா கீது" என்றார் மோகன்ராஜ்.

"என்னைப் பார்த்தா?"

"ஆமா. கடசி வரிசைல பைங்களப் புட்ச்சிகினு குந்திகினு இருப்ப. அக்கா முன்னாடி போய்ட்டு, திரும்பி வந்து உன் பக்கத்துல ஒட்டிகினு குந்தும். பையத் தொறந்து உனுக்கு ஒரு முட்டாயி குடுக்கும். மேடைலருந்து அத்தத்தான் பாத்துகினு இருப்பேன். இல்லாத கத்தியப் பத்திப் பேசிகினே பாத்துகினு இருப்பேன்."

தன் வாழ்க்கையில் ஒருவர் தன்மேல் பொறாமைப்படுவது அரிகிருஷ்ணனுக்கு இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அதை அனுபவித்தார். பிறகு, குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, இத்தனை மாதமாகக் கண்முன்னால் கிடந்த ஒரு விஷயம் புலப்பட்டது. தொழிலில் தினமும் பயந்து ஒதுங்குகிற விஷயம்தான்.

ஞாயிறு ஆராதனையில் ஏழு பேர் முழுகி எழுந்தார்கள். பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, வழக்கமாகக் கேட்பதைப்போல, "இன்னும் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கப்படும் கேள்வி அது. முழுகப் போனவர்கள் மடியில் வைத்துவிட்டுப் போயிருந்த பைகளை அமலராணியிடம் கொடுத்துவிட்டு அரிகிருஷ்ணன் எழுந்து போனார்.

"போலிப் பத்திரம் எழுதினேன்னு இந்த மைக்குல சொன்னேன். பத்திரங்கள்லாம் அசல்தான். சாட்சிதான் போலி. பொய்ச்சாட்சி என் தொழில்ல ஜெயிலுக்குப் போற குத்தம். பத்துக் கட்டளையிலயும் இருக்கு. சபையோட தீர்மானம் தப்பு பாஸ்டர். எனக்கும் பாவம் இருக்கு."

பத்திரங்கள் அசல் என்ற வார்த்தைக்கு மாடம்பாக்கம்காரர்கள் கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னார்கள். டெனிஸ் குழுவினரைப் பார்த்தார். பையிலிருந்து கையேட்டை எடுத்துப் புரட்டினார்.

"பாவம்தான். பட்டியல்ல வருது" என்றார். "எதுக்காகச் சொன்னீங்க?"

"மோகன்ராஜ் மேல பொறாமை சார்."

"அது வேணாம். ஒண்ணு போதும்."

அப்போது தொட்டிக்குப் பக்கத்தில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த மோகன்ராஜ் கையைத் தூக்கினார். "அப்ப நானும்தான் சார். நான் ஓட்னது தண்ணி லாரி. அட்ச்சது தொட்டிக்கு. பொண்டாட்டிய ஒரு நாளும் அட்ச்சதில்ல, அவதான் என்ன ரெண்டு தபா அட்ச்சிருக்கா. ஆன்டெனால என் லுங்கிதான் சார் மாட்டிச்சி, காயப் போட்டது. நான் உள்ள இல்ல." யூடியூப் காமிரா ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து, "மஹா, கேட்டுக்கினியா" என்றார்.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. சிஸ்டர் ஷர்மிளா எழுந்தார். "பாஸ்டர், என் முட்டிவலி சாட்சியில ஒரு சின்னத் திருத்தம்" என்றார். நடுவரிசையில் ஒருவர் எழுந்து, தன்னைக் கடித்தது நல்லபாம்பு இல்லை என்றார். இடதுபக்கம் இரண்டு பேர் எழுந்தார்கள். பிழைதிருத்தல் பத்திரத்துக்கு இப்படித்தான் கூட்டம் சேரும் என்பது அரிகிருஷ்ணனுக்குத் தெரியும். பாஸ்டருக்கு வியர்த்தது. டெனிஸ், "கூடுதல் சாட்சிகள் இன்னைக்கு எடுத்துக்கப்பட மாட்டாது" என்று மைக்கில் அறிவித்துக்கொண்டே, கண்ணால் பாஸ்டருக்கு ஜாடை காட்டினார்.

"இறங்குங்க பிரதர், சீக்கிரம்" என்றார் பாஸ்டர்.

அங்கி இல்லை. வேட்டி சட்டையோடு, சட்டைப் பையிலிருந்த பேனாவோடு அரிகிருஷ்ணன் முழுக்கப்பட்டார். தண்ணீருக்குள் அந்த ஒரு நொடி மிகவும் அமைதியாக இருந்தது. எழுந்தபோது சட்டையெல்லாம் நீல மை. அமலராணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவர் அழுகைக்குத் தான் காரணம் என்பதில் அரிகிருஷ்ணனுக்கு இருந்த சந்தோஷத்தை வர்ணிக்க முடியாது.

மோகன்ராஜ் விஷயத்தில் டெனிஸ் கறாராகத் தீர்ப்புச் சொன்னார். "அரிகிருஷ்ணன் சொன்ன பொய் முழுக்குக்கு முன்னாடி. அது தண்ணியோட போச்சு. மோகன்ராஜ் முழுகின பிறகும் மேடவாக்கம், பள்ளிக்கரணைன்னு போய்ப் பேசியிருக்கார். அது நிக்குது." அந்தச் சாட்சியை எழுதிக் கொடுத்தவர் யார் என்ற கேள்வி குழுவின் வரம்புக்குள் வரவில்லை. மறு உத்தரவு வரும்வரை மோகன்ராஜுக்குத் திருவிருந்து கிடையாது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு. அரிகிருஷ்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் அமலராணிக்குப் பின்னால் வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் ப்ரியா. வரிசை மெதுவாக நகர்ந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை, பேசக் கூடாது. பாஸ்டர் அப்பத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தார். இத்தனை வருடம் ஏங்கிய அந்தத் துண்டு அவர் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. வாயில் போட்டுக்கொண்டு, எல்லோரும் செய்வதுபோலக் கண்ணை மூடியிருக்கலாம். திரும்பிப் பார்த்துவிட்டார்.

கடைசி வரிசையில் மோகன்ராஜ் உட்கார்ந்திருந்தார். மடி நிறையக் கைப்பைகள். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, செம்மஞ்சேரியிலிருந்து திரும்பி வந்த மஹாலட்சுமி. அவர் மடியிலும் மூன்று பைகள். மஹாலட்சுமி காதில் ஏதோ சொல்ல, மோகன்ராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் ஷர்மிளாவின் பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சபையில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

அரிகிருஷ்ணனுக்கு வயிறு எரிந்தது.

"என்னங்க, நகருங்க" என்று முன்னாலிருந்து திரும்பிக் கிசுகிசுத்தார் அமலராணி. "அங்க என்ன பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார் அரிகிருஷ்ணன். "அந்த இடம் என் அனுபவ சுவாதீனத்துல இருந்தது."